சுடுதண்ணி ஆறுமுகசாமி

இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, குழாயின் மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்று மூச்சு விடும் நேரம். "அம்பத்திமூணுங்க" என்கிறார். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து, தொட்டியின் பக்கவாட்டில் சிவப்பாக எரிகிற மீட்டரைப் பார்க்கிறார். ஐம்பத்து மூன்று என்றே இருந்தால் முகத்தில் ஒன்றும் மாறாது. ஐம்பத்து நான்கு என்று இருந்துவிட்டால், "மீட்டரு கொஞ்சம் ஏத்திச் சொல்லுதுங்க அம்முணி, பொறகு பாத்துப்போடலாம்" என்று பழியை மீட்டரின் தலையில் கட்டிவிடுவார். வலது கைச் சட்டை மட்டும் மணிக்கட்டில் பொத்தான் போட்டபடியே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இடது கை சுருட்டி, வலது கை பொத்தான் போட்டுத்தான் போவார்.

பல்லடத்தில் ஒரு ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் போன வாரம் நான் பார்த்தது இது. லாட்ஜோ, மண்டபமோ, காலேஜ் ஹாஸ்டலோ, தான் வைத்த மெஷின் இருக்கும் இடத்துக்கெல்லாம் போய் இப்படிக் கை வைத்துப் பார்ப்பார் ஆறுமுகசாமி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைப்பதில்லை. அது எங்கள் விடுதி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

திருப்பூரில் பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி வளாகத்துக்குள் இருக்கிற பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். இருநூற்று நாற்பது பேர். பாதிப் பேர் தேனி, ராமநாதபுரம் பக்கம். மீதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட். காலை எட்டேகாலுக்குள் அத்தனை பேரும் குளித்து, சாப்பிட்டு, தலை வாரி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். மார்கழியில் பச்சைத் தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? இந்தக் கூட்டத்துக்குச் சுடுதண்ணீர் கிடைக்க வேண்டுமே என்பதுதான் பதினோரு வருடமாக என் பாடு. இப்போது அந்தப் பாடு இல்லை. அதற்காக இந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லித் தீராது. நன்றியில் எழுதுகிறவள் கூட்டி எழுதுவாள் என்று நினைக்க வேண்டாம். இவரை வாய்க்கு வந்தபடி திட்டியவளும் நானேதான்.

ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் கணியூர். இருபத்து மூன்று வருடம் ஏற்றுமதி ஆபீஸ்களில் ஏ.சி. ரிப்பேர் பார்த்தவர். ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் நின்று வேலை செய்யும்போது முகத்தில் அடிக்கிற சூடு அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "உள்ளார இருக்கற சூட்டை அள்ளி வெளியே கொட்டறோம். அந்தப் பக்கம் ஒருத்தன் அதே கரண்டை வெச்சுத் தண்ணி சுட வெக்கறான். இது ரண்டையும் ஒட்டுக்கா சேத்துனா என்னன்னு தோணுச்சுங்க." தோன்றியதோடு விட்டிருந்தால் அவர் மனைவி ரங்காத்தாள் நிம்மதியாக இருந்திருப்பார். "எங்க ஊட்டுல ஃப்ரிட்ஜே தங்காதுங்க. மூணு ஃப்ரிட்ஜைக் கழட்டிப்போட்டாரு. தயிரு புளிச்சுப் போவுதுன்னா, தண்ணி சுடுது பாரு புள்ளேங்கறாரு" என்று அந்தம்மா என்னிடம் சொன்னபோது அலுப்பும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் செய்வது ஹீட் பம்ப். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடும் அல்லவா? உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துப் பின்னால் தள்ளுவதால் வரும் சூடு அது. அதே மாதிரி இந்த மெஷின் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. கம்பி பழுத்துத் தண்ணீர் சுடுகிற சாதாரண ஹீட்டர் மூன்று யூனிட் கரண்டில் செய்வதை இது ஒரு யூனிட்டில் செய்துவிடும். "சூட்டை நாம உண்டாக்கறதில்லீங்க. கெடக்கறதைக் கூட்டிப் பெருக்கி அள்ளறோம், அவ்வளவுதான்" என்பார்.

வீணாகிற சூட்டைக் கண்டால் மனிதருக்குப் பொறுக்காது. பேக்கரி வாசலில் நின்று டீ குடிக்கும்போது, டீயைப் பார்க்காமல் அடுப்புப் புகைபோக்கியைப் பார்த்து "ச்சொச்சொ" கொட்டுவார். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கையில், இவர் மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் போய் எக்ஸாஸ்ட் ஃபேன் முன்னால் நின்றுகொண்டிருந்தாராம். யாராவது நல்ல யோசனை சொல்லிவிட்டால் உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். டீக்கடைக்காரர், வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. கும்பிடு வாங்கிய ஆள் இவருக்கு என்ன ஆச்சு என்று சுற்றுமுற்றும் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

எங்கள் விடுதிக்கு அவர் வந்த கதைக்கு முன்னால் செல்லாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியின் பின்புறம் தகரக் கொட்டகையில் இரண்டு பெரிய விறகு பாய்லர்கள். அவற்றை எரிப்பது செல்லாத்தாள். ஐம்பத்தெட்டு வயது, குன்னத்தூர்க்காரர், ஒண்டிக்கட்டை. விடியற்காலை எழுந்து விறகைத் தள்ளினால் எட்டு மணி வரை புகைக்குள்தான் வாசம். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு பனியன் துணியைக் கட்டிக்கொள்வார். அப்படியும் அவர் இருமுகிற இருமல் என் அறை வரை கேட்கும். டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் புகைப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். "போவாம சோத்துக்கு என்ன பண்றதுங்க அம்முணி?" என்று என்னைக் கேட்டார். மருந்து வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஜனனி என்கிற தேனிப் பெண் பாய்லரிலிருந்து வாளியில் வெந்நீர் தூக்கி வரும்போது வழுக்கி விழுந்து கால் வெந்துபோனது. நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகுதான் முதலாளி தரணீதரன், விறகுக்கு வேறு வழி பார்க்க ஆறுமுகசாமியைக் கூப்பிட்டார்.

மெஷினை ஏற்றிய வண்டி உள்ளே நுழைந்த அன்று செல்லாத்தாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் தண்ணீர் கொடுக்கிற மனுஷி, அன்று சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மெஷின் வந்தால் பாய்லர் எதற்கு, பாய்லர் இல்லையென்றால் செல்லாத்தாள் எதற்கு? சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. எனக்கும் புரிந்தது. இருமல் போகும், சோறும் போகும். எது தேவலாம் என்று நான் யாருக்கு வக்காலத்து வாங்குவது?

ஆறுமுகசாமி கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா கோவம் நாயமுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் போய்ச் செல்லாத்தாளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்கக்கா, எந்தக் கிழமை தண்ணி எச்சா போவுமுங்க?"

செல்லாத்தாள் விறகை நகர்த்தி வைத்தார். அடுத்த நாளும் இவர் வந்து கேட்டார். மூன்றாம் நாள், தொல்லை தாங்காமலோ என்னவோ, செல்லாத்தாள் வாய் திறந்தார். "செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு ஊத்துவாங்க. ஒத்தை வாளி ரெட்டை வாளியாயிரும். ஞாயித்துக்கெழமெ மத்தியானம் வரைக்கும் தொவைப்பாங்க. மாசச் சம்பளத்துக்கு அடுத்த நாளு பூராப் பேரும் கடைவீதிக்குப் போவாங்க, அன்னிக்குச் சாயங்காலமும் குளிப்பாங்க." இந்த விடுதியின் தண்ணீர்க் கணக்கை முதலாளியும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஆறுமுகசாமி எழுந்து நின்று கும்பிட்டார். தொட்டியை முதலில் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகச் செய்தார்.

குழாயில் புறங்கையை வைப்பதும் அங்கே வந்த பழக்கம்தான். அதுவரைக்கும் உள்ளங்கையால்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பற்றவைக்கிற வேலை செய்து காய்ப்புக் காய்ச்சிய உள்ளங்கைக்கு என்ன தெரியும்? செல்லாத்தாள் சிரித்துவிட்டார். "உள்ளங்கை பொய் சொல்லுமுங்க. பொறங்கையை வெச்சுப் பாருங்க." அதோடு இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யார் முதலில் டிகிரி சொல்வது, மீட்டர் யார் பக்கம் என்று. செல்லாத்தாளுக்கு முதலில் 'மேலுக்கு', 'தலைக்கு', 'தொவைக்க' என்று மூன்றே சூடுதான் தெரியும். ஒரு வாரத்தில் அந்த மூன்றுக்கும் நடுவில் எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. வயசான காலத்தில் இதென்ன கூத்து என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி அவர் செய்த தப்பு. எங்கள் வளாகத்தில் அயர்னிங் செக்‌ஷனின் எக்ஸாஸ்ட் காற்று விடுதியின் பின்சுவரைப் பார்த்துத்தான் வெளியே வரும். பகல் பூராவும் நீராவி இஸ்திரி ஓடுகிற இடம், காற்று அனல் மாதிரி வரும். அதைக் கண்டதும் நம் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. மொட்டை மாடியில் வைக்க வேண்டிய மெஷினை அந்தச் சூட்டுக்கு நேர் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். பகலில் சூட்டைக் குடித்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு காலையில் கொடுக்கும் என்றார். கொடுத்தது. எட்டு நாள் அருமையாகக் கொடுத்தது. ஜார்க்கண்ட் பெண்கள் "கரம் பானி அங்கிள்" என்று அவருக்குப் பேர் வைத்து, பார்க்கிற இடத்தில் கையாட்டினார்கள். எங்கள் பெண்கள் 'சுடுதண்ணி அங்கிள்' என்றார்கள்.

ஒன்பதாம் நாள் காலை குழாயைத் திறந்தால் ஐஸ் தண்ணீர். மார்கழி, அதுவும் வெள்ளிக்கிழமை. தலையில் சீயக்காயோடு பெண்கள் மூன்று பாஷையில் கத்தினார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மெஷினின் பின்பக்கம் வெள்ளையாகப் போர்வை போர்த்தி நிற்கிறது. பஞ்சு! இஸ்திரிக் காற்றோடு வந்த பனியன் பஞ்சு அந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவில் அப்பி, காற்றுப் போக வழியில்லாமல், உள்ளே பனிக்கட்டியே பிடித்துவிட்டது. திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தலைமுடியில் பஞ்சு இருக்கும். வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையை உதறுகிற ஊர் இது. இந்த ஊரில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்த மனிதர், சூட்டைப் பார்த்த ஆசையில் பஞ்சை மறந்துபோனார். "கண்ணை எங்கய்யா வெச்சிருந்தீங்க? இருநூத்தி நாப்பது புள்ளைங்க குளுருல நிக்குதுங்க, உங்களுக்கு விளையாட்டா?" என்று நான் கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அவர் "தப்புத்தானுங்க அம்முணி" என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. "தைப் பொங்கலுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லீன்னா பழைய பாய்லரே இருக்கட்டும்" என்றார். மறுநாளே விறகு மறுபடி எரிந்தது. செல்லாத்தாளின் இருமலும் திரும்பி வந்தது.

ஆறுமுகசாமி தினமும் இரண்டு வேளை பிரஷ் போட்டார். பிரஷ் போட்டு முடிப்பதற்குள் பின்னாலேயே பஞ்சு வந்து உட்கார்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஃபில்டர் வாங்கிவந்து மாட்டினார். அது பஞ்சையும் தடுத்தது, காற்றையும் தடுத்துவிட்டது. மெஷின் முக்கி முனகியது. மனிதர் கன்னம் ஒட்டிப்போய் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பாய்லர் கொட்டகையிலிருந்து செல்லாத்தாள் வந்தார். மூக்கில் கட்டிய துணி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் மெஷினின் சத்தத்தைக் கேட்டார். "ஏனுங்க, இதுக்கு மூச்சு முட்டுதுங்க. மூக்குக்கு ஒண்ணும் கட்டலீங்களா?"

"கட்டினனுங்கக்கா. அதுலதான் முட்டுது."

"கெட்டித் துணி கட்டினா முட்டாமெ என்ன பண்ணும்?" முகத்துத் துணியை அவிழ்த்து நீட்டினார். "இதெக் கட்டுங்க. ரிப்புத் துணி, பனியன் கழுத்துப் பட்டைக்கு வெக்கறது. இழுத்துக் கட்டினீங்கன்னா துணிக் கண்ணு தொறந்துக்கும். காத்து வரும், சாம்பலு வராது. பதினோரு வருசமாக் கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

ஆறுமுகசாமி அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு கும்பிட்டார். எப்போதும் கும்பிடுகிறவர்தான், ஆனால் அன்று கையை இறக்கவே இல்லை. செல்லாத்தாளுக்குக் கூச்சமாகிவிட்டது. "போங்க அக்கட்ட" என்று திரும்பிப் போனார்.

வட்டப் பின்னல் மெஷினில் பனியன் துணி குழாய் வடிவில்தான் இறங்கும் என்பது ஊரறிந்த விஷயம். சாயம் சரியில்லாமல் கழித்துக் கட்டிய துணி எங்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆறுமுகசாமி மெஷினின் வாயைப் போல மூன்று பங்கு பெரிய கம்பிக் கூண்டு ஒன்றைச் செய்தார். துணிக் குழாயைத் தலையணை உறை மாதிரி அதன் மேல் இழுத்து மாட்டினார். தையல் இல்லை, திருகாணி இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை கழற்றித் துவைத்துக் காயப்போட்டு வேறொன்றை மாட்ட வேண்டும். மெஷின் ஒருநாள் ரோஸ், ஒருநாள் கிளிப்பச்சை, ஒருநாள் திட்டுத்திட்டான நீலம் என்று பனியன் போட்டுக்கொண்டு நின்றது. "இன்னிக்கு அங்கிள் மிசினு என்ன கலரு சட்டை?" என்று பெண்கள் கேட்டுக்கொண்டே குளிக்கப் போனார்கள். தண்ணீர் சுட்டது. விறகு அணைந்தது. அன்று காலை என் அறையில் இருமல் சத்தம் கேட்கவில்லை. நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

துணியை மாற்றுவது யார்? யாரும் சொல்லாமல் செல்லாத்தாளே கழற்றி, துவைத்து, மாட்டினார். ஏன் அந்த யோசனையைச் சொன்னீர்கள், உங்கள் வேலைக்கு நீங்களே உலை வைத்துக்கொண்டீர்களே என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கே தெரியலீங்க அம்முணி. மூச்சுக்குத் தவிக்கறதைப் பாத்துட்டு எப்புடிங்க சும்மா இருக்கறது?" என்றார்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு ஆறுமுகசாமி முதலாளியிடம் போய் நின்றார். மெஷினுக்குப் பணம் கேட்க அல்ல. "மெசினைப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமுங்க. செல்லாத்தாக்கா இருக்கட்டுமுங்க. அதே சம்பளம், பொகை இல்லாத வேலை." நானும் பக்கத்தில் இருந்தேன்.

தரணீதரன் யோசித்தார். "நல்ல மனுசிதானுங்க, வேண்டாம்னு சொல்லுலை. ஆனா இது மெசின். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா மீட்டரை எப்புடிங்க பாக்கும்? சூடு எறங்குச்சுன்னா எப்புடித் தெரியும்? ஐ.டி.ஐ. படிச்ச ஆளு ஒருத்தரைப் போட்டுக்கறேன்." தப்பாகவும் பேசவில்லை.

"சரிங்க. வெள்ளிக்கெழமெ காலைல ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் ஆறுமுகசாமி.

வெள்ளிக்கிழமை. ஊருக்குக் கிளம்புகிற நாள். இருநூற்று நாற்பது பேருக்கும் தலைக்குக் குளியல், குளித்து முடித்தவர்கள் ஈரத் தலையோடு பையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறந்திருந்தது. ஆறரை மணிக்கு முதலாளி வந்தார். மெஷின் அன்று ரோஸ் பனியன் போட்டிருந்தது. செல்லாத்தாள் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"எத்தனை டிகிரிங்க இருக்குது?" என்றார் முதலாளி.

ஆறுமுகசாமியின் இடது கைச் சட்டை வழக்கம்போல முழங்கை வரை சுருட்டியிருந்தது. குழாய் பக்கத்திலேயே இருந்தது. அவர் கையை வைக்கவில்லை. இரண்டடி நகர்ந்து, மீட்டருக்கு முதுகைக் காட்டி, அது யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றார். பிறகு செல்லாத்தாளைப் பார்த்தார்.

செல்லாத்தாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, குழாயின் மேல் புறங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே பெண்கள் சொம்பை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்பத்தொண்ணுங்க சாமி" என்றார். "நெம்பப் பேரு குளிச்சுட்டாங்க, அதுதான் எறங்கியிருக்குது. இன்னும் முப்பது பேருக்குத் தாங்குமுங்க. பனியனை மாத்திப்போட்டனுங்கன்னா பத்து மணிக்குள்ள அம்பத்தஞ்சு ஆயிரும்."

"சித்த நகருங்க" என்றார் முதலாளி, ஆறுமுகசாமியிடம். ஆறுமுகசாமி நகர்ந்தார். ஆனால் திரும்பி மீட்டரைப் பார்க்கவில்லை. முதலாளி குனிந்து பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். ஐம்பத்து ஒன்று.

தரணீதரன் நிமிர்ந்தார். "செரி, பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வாங்க. வந்ததும் மெசினு உங்க பொறுப்பு" என்றார்.

செல்லாத்தாள் தோளில் இருந்த துணியை உதறி, ரோஸ் பனியனைக் கழற்றப் போய்விட்டார். ஆறுமுகசாமி இடது கைச் சட்டையை மெதுவாக, சுருக்கம் நீவி நீவி மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.